ஏப்ரல் ரசிகர்

ஏப்ரல் ரசிகர் வட அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் ஓர் இனம். அங்குள்ள தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.வின் ஆட்டப் பருவம் அக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறது. ஏப்ரல் நடுப்பகுதிக்குள் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடி முடிக்கும். அந்த ஆறு மாதமும் இவர் இருக்கும் இடம் தெரியாது. ஜனவரிக் குளிரில், செவ்வாய்க்கிழமை இரவு, சார்லட்டில் நடக்கும் ஆட்டத்தைப் பார்ப்பது வேலையற்றவர் செய்யும் காரியம் என்பது இவர் கட்சி. கோப்பையை முடிவு செய்யும் பிளே-ஆஃப் சுற்றுகள் தொடங்கியதும் அலமாரியின் அடித்தட்டில் கிடந்த ஜெர்சியை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே வருவார். அதன் முதுகில் யார் பெயர் இருக்கிறதோ அவர் அணி மாறி, மறுபடி மாறி, ஓய்வும் பெற்றிருப்பார். அதனால் ஒன்றும் குறையில்லை. வந்த வேகத்தில், 82 ஆட்டத்தையும் விடாமல் பார்த்தவரை உட்காரவைத்து அணியின் பலவீனம் எது என்று விளக்கத் தொடங்குவார்.

இவரைப் புரிந்துகொள்ள பிளே-ஆஃப் நடைமுறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கத்தில் மொத்தம் 30 அணிகள்; கிழக்கில் 15, மேற்கில் 15. இரு பக்கத்திலும் முதல் ஆறு இடங்களைப் பிடித்தவை நேரே உள்ளே போகின்றன. ஏழு முதல் பத்து வரையுள்ளவை ‘பிளே-இன்’ என்ற சிறு போட்டியில் மோதி, மீதி இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கின்றன. ஆக 16 அணிகள், நான்கு சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் வரை நடக்கும். நான்கை முதலில் வென்ற அணி மேலே போகும். அப்படி 16 ஆட்டங்களை வென்றால் கோப்பை. 2002 வரை முதல் சுற்று மட்டும் ஐந்து ஆட்டமாக இருந்தது. அடுத்த ஆண்டு அதையும் ஏழாக்கிவிட்டார்கள்.

இத்தனை ஆட்டம் எதற்கு என்றால், ஒரே ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் யாரையும் தோற்கடித்துவிடலாம். ஒருவனுக்கு அன்று கை கூடிவரும், இன்னொருவனுக்கு வராது. ஏழு ஆட்டம் ஆடினால் அதிர்ஷ்டம் தேய்ந்து திறமை மிஞ்சும். நடைமுறையும் அப்படித்தான் இருக்கிறது. 16 அணி முறை வந்த 1984 முதல் 2025 வரை, எட்டாம் இடத்து அணி முதலிடத்து அணியை முதல் சுற்றில் வீழ்த்தியது ஆறே முறை. தோற்றவன் சொல்ல சாக்கு இருக்கக் கூடாது என்பதற்காகவே கட்டப்பட்ட ஏற்பாடு இது. சாக்கு சொல்வதற்காகவே பிறந்தவர் ஏப்ரல் ரசிகர். இருவரும் ஆண்டுதோறும் இரண்டு மாதம் நேருக்கு நேர் மோதுகிறார்கள். சங்கம் இதுவரை வென்றதில்லை.

சாக்குகளில் மூத்தது நடுவர். இந்த விஷயத்தில் சங்கமே இவருக்குத் தீனி போடுகிறது. நெருக்கமாக முடிந்த ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களில் நடுவர்கள் எடுத்த முடிவுகளை ஆராய்ந்து, எது சரி, எது தவறு என்று வரிவரியாக எழுதிய அறிக்கை 2015 மார்ச் முதல் மறுநாள் வெளியாகிறது. தவறு என்று தெரிந்தாலும் ஆட்டத்தின் முடிவு மாறாது. சட்டத்துறையில் இதற்கு இணையான ஏற்பாடு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை: தீர்ப்பு தவறு என்று நீதிமன்றமே எழுதிக்கொடுத்துவிட்டு, தண்டனை மட்டும் நிற்கட்டும் என்கிறது. ஏப்ரல் ரசிகர் இந்த அறிக்கையைப் பக்தியோடு படிப்பார். தம் அணிக்கு எதிராக நடந்த தவறு அவருக்கு மனப்பாடமாகிவிடும். அதற்கு அடுத்த வரியிலேயே தம் அணிக்குச் சாதகமாக நடந்த தவறு இருக்கும். அது மட்டும் கண்ணில் படாது.

அடுத்த சாக்கு காயம். இதற்கு இவரிடம் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. நம் வீரர் காயப்பட்டால் எதிரி வென்ற கோப்பைக்கு மதிப்பில்லை. எதிரணி வீரர் காயப்பட்டால் காயமும் ஆட்டத்தின் ஒரு பகுதி. சில நேரம் சாக்கு நியாயமாகவே இருந்துவிடுகிறது. 2025 இறுதித் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. அந்த ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தார். கோப்பை ஓக்லஹோமா சிட்டிக்குப் போனது. இண்டியானா ரசிகர் ஆயுள் முழுக்க ‘அவர் மட்டும் நின்றிருந்தால்’ என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். மறுத்துப் பேசுவது மனிதத்தன்மை ஆகாது.

வேறு சாக்கு அகப்படாதபோது காற்று. டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. அங்கே போய் ஆடும் அணிக்கு மூச்சு வாங்கும் என்பது உண்மைதான். ஆனால் டென்வர் அணி இந்தச் சங்கத்தில் சேர்ந்தது 1976இல். அன்று முதல் அதே காற்றுதான் வீசுகிறது. முதல் கோப்பை கிடைத்ததோ 2023இல்.

சாக்குக்கு வேலை தொடர் முடிந்த பிறகு. முடியாத வரையில் இவர் நம்பிக்கையில் வாழ்கிறார். அந்த நம்பிக்கைக்கும் கணக்குக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்ற அணி, மீதி நான்கையும் வென்று தொடரைப் பிடித்தது 2025 வரை ஒருமுறைகூட இல்லை. 150க்கும் மேற்பட்ட அணிகள் முயன்று பார்த்துவிட்டன. யாராலும் முடியவில்லை என்றால் ஆசையை விட்டுவிடுவது சாதாரண மனித புத்தி. இவர் புத்தி வேறு மாதிரி: இத்தனை நாள் நடக்கவில்லை என்றால் இனி நடந்தாக வேண்டிய முறை, அது நாமாக ஏன் இருக்கக் கூடாது? சாட்சிக்கு மற்ற விளையாட்டுகளையும் கூப்பிடுவார். பனி ஹாக்கியில் நான்கு முறை நடந்திருக்கிறது. பேஸ்பாலில் பாஸ்டன் அணி 2004இல் நியூயார்க் யாங்கீஸை அப்படித்தான் கவிழ்த்தது.

கூடைப்பந்தில், மூன்று தோல்விக்குப் பிறகு ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு வந்தவையே அதுவரை நான்கு அணிகள்தாம்: 1951இல் நியூயார்க், 1994இல் டென்வர், 2003இல் போர்ட்லண்ட், 2023இல் பாஸ்டன். நான்கும் ஏழாவதில் தோற்றன. பாஸ்டன் கதை இவருக்கென்றே எழுதியது போன்றது. மயாமியோடு ஆறாவது ஆட்டம், 0.1 வினாடி மிச்சமிருக்கையில் கூடையில் பட்டுத் திரும்பிய பந்தை டெரிக் வைட் தட்டி உள்ளே போட்டார். தொடர் 3–3. ஏழாவது ஆட்டம் சொந்த ஊரில். இதற்கு மேல் விதி என்ன கையெழுத்துப் போட்டா தர வேண்டும்? ஆனால் ஏழாவது ஆட்டம் தொடங்கிய கையோடு ஜேசன் டேட்டமின் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. பாஸ்டன் 84–103 என்று தோற்றது. நம்பிக்கை முடிந்த அதே நொடியில் சாக்கும் கையில் கிடைத்துவிட்டது.

எதிர்ப்பக்கத்து உதாரணம் 2016. கோல்டன் ஸ்டேட் அணி அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்கள் வென்று சாதனை படைத்திருந்தது. இறுதித் தொடரில் கிளீவ்லண்டை 3–1 என்று பின்னுக்குத் தள்ளியதும் அதன் ரசிகர்கள் ஊர்வலத்துக்கு விடுப்பு எழுதத் தொடங்கினார்கள். லெப்ரான் ஜேம்ஸின் அணி மீதி மூன்றையும் வென்றது. ஜூன் 19 அன்று நடந்த ஏழாவது ஆட்டம் 93–89. கிளீவ்லண்ட் நகரம் எந்தப் பெரிய விளையாட்டிலும் 52 ஆண்டுகளாகக் கோப்பை பார்க்காத ஊர். இதில் வேடிக்கை, அதே கோல்டன் ஸ்டேட் அணிதான் அதற்கு முந்தைய சுற்றில் ஓக்லஹோமா சிட்டியிடம் 1–3 என்று பின்தங்கி, பிறகு வென்று வந்திருந்தது.

ஏப்ரல் ரசிகரின் ஞாபகசக்தி தனி ஆய்வுக்குரியது. 1970 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், தொடைத் தசை கிழிந்திருந்த நியூயார்க் வீரர் வில்லிஸ் ரீட் நொண்டிக்கொண்டே மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்குக்குள் வந்தார். அணியின் முதல் இரண்டு கூடைகளைப் போட்டார். அத்தோடு சரி, அவர் கணக்கு நான்கே புள்ளிகள். அன்று 36 புள்ளிகளும் 19 அசிஸ்டுகளும் எடுத்து எதிரணியான லேக்கர்ஸை உண்மையில் சாய்த்தவர் வால்ட் ஃப்ரேசியர். ஆனால் நியூயார்க்கின் ஏப்ரல் ரசிகரைக் கேட்டால், கோப்பையை வாங்கித் தந்தது ரீடின் நொண்டல்தான். 1985இல் பிறந்தவர்கூட அதைக் கண்ணால் பார்த்தவர்போலச் சொல்வார். சொல்லும்போது தாமும் லேசாக நொண்டிக் காட்டுவார்.

ஆட்டத்தின் போக்கைத் தாம்தான் நிர்ணயிக்கிறோம் என்பதில் இவருக்கு ஐயமே கிடையாது. அரங்கில் இருந்தால் குரலால், வீட்டில் இருந்தால் சோபாவில் உட்காரும் இடத்தால். தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் தம் அணி ஒரு மூன்று புள்ளி போட்டுவிட்டால், மீதி ஆட்டம் முழுக்க அவர் சமையலறையில்தான். குளிர்சாதனப் பெட்டியோடு நின்று காதால் மட்டும் கேட்டு இறுதித் தொடரைக் கடந்தவர்கள் உண்டு. மேற்குக் கரை ஆட்டங்கள் நியூயார்க் நேரப்படி இரவு பத்து மணிவாக்கில்தான் தொடங்கும். முடியும்போது மறுநாள் பிறந்திருக்கும். இந்த விஷயத்தில் சென்னையில் இருந்து பார்ப்பவர் பாக்கியவான். அங்கே இரவு எட்டரை என்றால் இங்கே காலை ஆறு. காப்பியோடு பார்த்துவிட்டு, தோற்ற எரிச்சலை நேரே அலுவலகத்துக்கு எடுத்துப் போகலாம்.

அரங்கில் எழும் கூச்சல் எதிரியைக் குலைக்கும் என்பதும் ஓரளவுக்கே உண்மை. எதிரணி செய்த தவறுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவைப் போட ஒருவருக்குப் பத்து வினாடிதான் அவகாசம். மில்வாக்கியின் யானிஸ் அன்டெடொகும்போ பந்தைத் தட்டித் தட்டி நேரம் எடுப்பவர். 2021 பிளே-ஆஃபில் எதிரணி ஊர்களின் கூட்டம் ‘ஒன்று, இரண்டு’ என்று உரக்க எண்ணத் தொடங்கியது. எண்ணியவர்கள் கோப்பை வாங்கவில்லை. ஜூலை 20 அன்று, எண்ணுவதற்கு ஆளில்லாத சொந்த அரங்கில், அவர் 19க்கு 17 ஃப்ரீ த்ரோ போட்டு மொத்தம் 50 புள்ளிகள் எடுத்தார்; மில்வாக்கிக்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை.

கூச்சல் எதிரிக்கு உரமாவதும் உண்டு. திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீ நியூயார்க் அணியின் நிரந்தர முன்வரிசைக்காரர். ஏப்ரல் ரசிகர் இனத்தில் அவரைச் சேர்க்க முடியாது, டிசம்பரிலும் வருகிறவர். 1994 ஜூன் 1 அன்று அவருக்கும் இண்டியானாவின் ரெஜி மில்லருக்கும் வாய்ச்சண்டை மூண்டது. மில்லர் கடைசிக் கால் பகுதியில் மட்டும் 25 புள்ளிகள் எடுத்து, ஒவ்வொரு கூடைக்கும் ஸ்பைக் லீ பக்கம் திரும்பிப் பதில் சொன்னார். தொடரை நியூயார்க்தான் வென்றது. ஆனாலும் அந்த இரவுக்கான பழி இயக்குநர் தலையில் விழுந்தது. மறு ஆண்டு அதே நியூயார்க் அரங்கில் மில்லர் ஒன்பது வினாடிக்குள் எட்டுப் புள்ளி எடுத்தார். அந்த முறை யாரும் அவரைச் சீண்டியதாகத் தகவல் இல்லை.

சொந்த அணி வெளியேறிவிட்டால் இவர் கிளம்பிவிடுவார் என்று நினைப்பது தவறு. பந்தி முடிந்தும் கல்யாண வீட்டை விட்டு நகராத தூரத்து உறவினரைப்போல இருந்துகொண்டே இருப்பார். தம்மை வென்ற அணியே கோப்பையையும் வெல்ல வேண்டும் என்று வேண்டுவது ஒரு பிரிவு. சாம்பியனிடம் தோற்பதில் அவமானம் இல்லையே. அந்த அணி அடுத்த சுற்றிலேயே மண்ணைக் கவ்வ வேண்டும் என்று வேண்டுவது இன்னொரு பிரிவு. இரண்டாவது பிரிவுதான் பெரியது, நேர்மையானதும்கூட.

கொண்டாட்டத்திலும் அளவு தெரியாது. 2025 மே 16 அன்று நியூயார்க் நிக்ஸ் பாஸ்டனை 119–81 என்று நொறுக்கியது. ஏழாவது அவென்யூவில் கூட்டம் நிரம்பி வழிந்தது. கம்பங்களில் ஏறினார்கள், முகம் தெரியாதவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வென்றது இரண்டாம் சுற்று. கோப்பைக்கு இன்னும் எட்டு வெற்றிகள் பாக்கி. அடுத்த சுற்றின் முதல் ஆட்டத்தில், மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கையில் 14 புள்ளி முன்னிலையில் இருந்து, சொந்த அரங்கில் இண்டியானாவிடம் தோற்றார்கள். நேரம் முடியும் நொடியில் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வானத்துக்கு எகிறி, நேராக உள்ளே விழுந்தது. ஆட்டம் சமநிலைக்கு வந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. டொரொண்டோவில் 2019இல் கவாய் லெனர்ட் எறிந்த பந்து நான்கு முறை வளையத்தில் துள்ளி உள்ளே விழுந்தபோது, வேண்டுதல் பலித்தது என்றார்கள் அந்த ஊர்க்காரர்கள். நியூயார்க்காரர்கள் வளையத்தின் விறைப்பை அளந்து பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஜூனில் ஒருநாள் யாரோ ஓர் அணி 16ஆவது வெற்றியை எடுத்துவிடும். கோப்பை கைமாறும், திறந்த பேருந்தில் ஊர்வலம் போகும், வீரர்களுக்கு மோதிரம் அளவெடுப்பார்கள். அதோடு மோதிரக் கணக்கு தொடங்கும். மைக்கேல் ஜோர்டனிடம் ஆறு இருப்பதால் அவரே எல்லோரிலும் சிறந்தவர் என்று இவர் வாதிடுவார். பில் ரஸலிடம் பதினொன்று இருக்கிறதே என்றால், அது வேறு காலம் என்பார். பக்கபலமாக ஆடிய ராபர்ட் ஹோரியிடம்கூட ஏழு இருக்கிறதே என்றால், நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார்.

ஜூன் 30 மாலை ஆறு மணிக்கு, ஒப்பந்தம் முடிந்த பிற அணி வீரர்களோடு அணிகள் பேரம் பேசலாம் என்று சங்கம் கதவைத் திறக்கிறது. யாரை விற்க வேண்டும், யாரை வாங்க வேண்டும், சம்பள உச்சவரம்பை எப்படிச் சமாளிக்க வேண்டும் என்று அன்று முதல் இவர் பேசத் தொடங்குவார். அந்த நிலையில் இவரை ரசிகர் என்று வகைப்படுத்துவது பொருந்தாது. அது அணி மேலாளர் என்ற வேறு இனம், தனிக் கட்டுரைக்குரியது.