அனுமான லாபம்

ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று முதலான சகல பத்திரங்களையும் மஞ்சள் பையிலிட்டு, பக்தி சிரத்தையுடன் ஆர்.எஸ்.புரத்து ஆடிட்டரிடம் சுமந்து வரும் ஒற்றை லாரி முதலாளி, தாமே டிரைவராகவும் கணக்கப்பிள்ளையாகவும் அவதாரமெடுத்த அந்தப் புண்ணியவான், வருமான வரிச் சட்டம் தம்மீது வைத்த அபார விசுவாசத்தை அங்கேதான் அறிகிறார். பத்து சரக்கு வாகனங்களுக்கு மேல் இல்லாதவர் கணக்கேடு வைக்க வேண்டியதில்லை; மொத்த எடை 12 டன்னைத் தாண்டிய லாரியாயின், டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் லாபமென்று சர்க்காரே அனுமானித்துக்கொள்ளும். சங்ககிரிப் பட்டறையில் என்ஜினைக் கழற்றிப் போட்டிருந்த மாதத்திலும் அந்த லாபம் குன்றுவதில்லை. (குன்றியதென்று சாதிப்பவர் கணக்கெழுதித் தணிக்கையும் செய்விக்கக் கடவர்.)

“ஏனுங்க, லாபம் வந்துருக்குதுங்களா?”

“சட்டப்படி வந்துருக்குதுங்க.”