பழைய லேப்டாப்புக்குப் புது வேகம்

கேள்வி: அண்ணன் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு லேப்டாப், ஆன் ஆவதற்குள் உலையில் சோறே வெந்துவிடுகிறது. எடைக்குப் போட்டுவிடலாமா?
- வாசகி, சேத்தூர்

பதில்: வேண்டவே வேண்டாம்! 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்த இலவச லேப்டாப் திட்டத்தால் எத்தனையோ வீடுகளுக்குள் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் நுழைந்தது. உங்கள் லேப்டாப்பை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். உள்ளே தட்டு நிமிடத்துக்குச் சுமார் 5,400 முறை சுற்ற, ஒரு குட்டிக் கை ஒவ்வொரு ஃபைலுக்காகவும் அங்குமிங்கும் ஓடியாக வேண்டும். அதற்குப் பதிலாகப் பொருத்தும் எஸ்.எஸ்.டி.யில் சுற்றவும் ஓடவும் எதுவுமே இல்லை. பக்கத்து ராஜபாளையத்தில் சர்வீஸ் கடையில் கொடுத்து மாற்றிவிடுங்கள். அதற்கு முன் அண்ணனின் போட்டோக்களைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ரேம் 2 ஜி.பி. என்றால் 4 ஆக்குங்கள்.

விண்டோஸ் அப்போதும் திணறினால், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது. இலவசம், தமிழிலும் இயங்கும்.