டொராண்டோ கடிதம்: பேத்தியின் பண்டிகை ஆண்டு

அனுப்புநர்: மகன் வீடு, டொராண்டோ, கனடா
பெறுநர்: பாட்டி, பே கோபுரத் தெரு, திருவண்ணாமலை
பொருள்: மூன்று வயதுப் பேத்தி பண்டிகை கொண்டாடும் முறை, மாத வரிசைப்படி

வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பண்டிகை எந்த நாள் என்பதைப் பஞ்சாங்கம் சொல்கிறது. எந்தக் கிழமை கொண்டாடுவது என்பதை ஆபீஸ் சொல்கிறது. மற்றதெல்லாம் குழந்தையின் பொறுப்பு. மூன்று வயதில் அதற்குப் புராணம் பிடிபடாது. கையால் என்ன செய்யலாம், வாயில் என்ன போடலாம் என்ற இரண்டு கேள்விகள்தான் அதனிடம் உண்டு. ஆகவே ஊரில் பத்து நாள் நடக்கும் விழாவும் கடல் தாண்டி வந்ததும் ஒரு கைவேலை, ஒரு தின்பண்டம் என்ற அளவில் நின்றுவிடுகிறது.

ஆண்டு ஆவணியில் தொடங்குகிறது. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் கிடைப்பதில்லை; குழந்தைகள் பிசைந்து விளையாடும் பிளே-டோ கிடைக்கிறது. பிள்ளையார் நீல நிறத்தில் அவதரிக்கிறார். தும்பிக்கை இடம்புரியா வலம்புரியா என்பது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். கரைக்கும் சடங்கு மட்டும் நடப்பதில்லை. குழந்தை அவரை உருட்டிப் பாம்பாக்கி டப்பாவில் போட்டு மூடிவிடுவதால், அடுத்த ஆண்டுக்கான பிள்ளையாரும் கைவசம் இருக்கிறார்.

புரட்டாசியில் நவராத்திரி. கிருஷ்ணர் வேஷம் போட்டு வீடு வீடாகக் கொலு பார்த்துச் சுண்டல் வாங்குவது ஊர் வழக்கம். அக்டோபர் 31 அன்று ஹாலோவீன். வேஷம் போட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் வாங்குவது இந்த நாட்டு வழக்கம். குழந்தை இரண்டையும் ஒரே பண்டிகையின் இரண்டு தவணைகளாகக் கொண்டு, இரண்டாவதற்கும் புல்லாங்குழலோடு போகிறது. அன்று பரங்கிக்காயில் பல் இளிக்கும் முகம் வெட்டி வாசலில் வைப்பார்கள். புதுவீட்டில் கட்டும் திருஷ்டிப் பூசணியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தெரிவதில்லை. குடைந்தெடுத்த சதை மறுநாள் கூட்டு ஆகிறது.

கார்த்திகை தீபம்தான் ஆண்டின் உச்சம், சிக்கலும் அதில்தான். திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலை உச்சியில் மாலை 6 மணிக்கு மகா தீபம் ஏறும். அதைப் பார்த்த பிறகே ஊரார் வீட்டு விளக்கை ஏற்றுவார்கள். குளிர்காலத்தில் டொராண்டோ கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. ஊரில் பொழுது சாயும்போது ஏறும் தீபம் இங்கே காலை 7.30க்கு, சூரியன் எழும் வேளையில் ஏறுகிறது. டேகேருக்குக் கிளம்பும் நேரமும் அதுவே. குழந்தையின் ஒரு கால் ஸ்னோசூட்டுக்குள்ளும் ஒரு கால் வெளியிலும் இருக்க, போன் திரையில் அர்த்தநாரீஸ்வரர் ஆடி வந்து சில நிமிஷத்தில் உள்ளே போய்விடுகிறார். வீடே "அண்ணாமலைக்கு அரோகரா" என்கிறது. இரண்டாவது கால் அதன் பிறகுதான் உள்ளே போகும்.

அதிகாலை 4 மணிக்குக் கோயிலுக்குள் ஏற்றும் பரணி தீபம், கணக்குப்படி இங்கே முந்தின நாள் மாலை 5.30க்கு வருகிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் நாட்டில் அகல் ஏற்ற அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. எனவே பரணி தீபத்துக்கு விளக்கு, மகா தீபத்துக்கு அரோகரா என்று ஏற்பாடு. இது முறையா என்று கேட்டவர் பாட்டி ஒருவர்தான்.

வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் இருக்க வேண்டும் என்பது ஒண்டாரியோ மாநிலச் சட்டம். அகல் விளக்கை அலாரம் பொறுத்துக்கொள்கிறது, கற்பூரத்தைப் பொறுப்பதில்லை. அது அலறும்போது பெரியவர்கள் துண்டை வீசிக்கொண்டு ஓட, குழந்தை கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. தீபாராதனை என்றால் மணி அடிக்கும் என்று அதற்குச் சொல்லிவைத்தவரும் பாட்டிதான்.

பனம்பூக் கரியைத் துணியில் பொதிந்து பொறி பறக்கச் சுற்றும் மாவளிக்கு இங்கே வழியில்லை. சின்ன டார்ச்சைக் கயிற்றில் கட்டிச் சுற்றுவதே மாற்று. வட்டம் நன்றாகத்தான் வருகிறது. டார்ச் இரண்டு தடவை பக்கத்து வீட்டுக்குள் விழுந்தது. மலையில் தீபம் 11 நாள் எரியும்; கொப்பரைக்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் ஏராளமான காடாத் துணியும் பிடிக்கும். இந்த வீட்டு ஜன்னலில் 11 நாள் எரியும் தீபத்துக்கு இரண்டு பேட்டரி போதும். அதைப் பார்த்த அண்டை வீட்டார் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதை மறுப்பது மரியாதையல்ல.

மார்கழியில் வாசல் முழுக்கப் பனி. அரிசி மாவில் கோலம் போட்டால் வெள்ளை மேல் வெள்ளை, எறும்புக்கும் பயனில்லை. கேசரிப் பவுடரைத் தண்ணீரில் கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக் குழந்தையிடம் கொடுப்பது வழக்கம். புள்ளி எண்ணிக்கை கணக்கில் அடங்காது.

தைப் பொங்கலுக்குக் கரும்பு ஸ்கார்பரோ தமிழ்க் கடைகளில் கிடைக்கிறது. பால் பொங்கி வழிந்தால் வீட்டுக்கு நல்லது; ஆனால் கண்ணாடி அடுப்பில் வழிந்தால் அரை நாள் சுரண்ட வேண்டும். ஆகவே பொங்கும் நொடியில் பாத்திரத்தைத் தூக்கிச் சிங்க்கில் வழியவிடுகிறார்கள். கனடா நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. டேகேரிலும் பொங்கல் பற்றிச் சொல்கிறார்கள். அதன் விளைவாக, கிண்ணத்தில் பால் ஊற்றும்போதெல்லாம் ஒரு வகுப்பே "பொங்கலோ பொங்கல்" என்று கத்துகிறது.

மாட்டுப் பொங்கலன்று திருவூடல். அம்மன் ஊடல் கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, சுவாமி வெளியே தங்கி மறுநாள் கிரிவலம் போகிறார், பிறகு சமாதானம். எந்தச் சாமானும் வாங்காமல், ஊரில் உள்ளபடியே வெளிநாட்டில் கொண்டாட முடிகிற ஒரே விழா இதுதான். வெளியே தங்குகிற சுவாமி பனி அள்ளிக்கொண்டிருப்பார் என்பது மட்டுமே வித்தியாசம்.

மாசி, பங்குனியில் மேப்பிள் மரத்தில் சாறு இறக்குவார்கள். இரவில் உறைந்து பகலில் இளகும் வாரங்களில்தான் சாறு ஓடும். ஏறக்குறைய 40 லிட்டரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுத்தவர்களுக்குப் பழகிய வேலை. சூடான பாகைப் பனி மேல் ஊற்றி, குச்சியில் சுருட்டித் தருவார்கள். கைவேலையும் தின்பண்டமும் ஒன்றாகவே அமைந்துவிட்டதால், குழந்தையின் கணக்கில் பண்டிகைகளில் முதலிடம் இதற்குத்தான்.

நிலுவையில் இருப்பது ஒரு வேண்டுதல். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், தேரோட்டத்தன்று, கரும்பில் புடவையைத் தொட்டிலாகக் கட்டிப் பிள்ளையைச் சுமந்து மாட வீதி சுற்றுவதாகப் பாட்டி நேர்ந்துகொண்டது. தொட்டிலைப் பெற்றோர்தான் தோளில் தூக்க வேண்டும். குழந்தையின் தற்போதைய எடை 15 கிலோ. அப்பாவுக்கு இடுப்பு வலி. எத்தனை கரும்பு கட்டுவது, எந்த மாமாவை உதவிக்கு அழைப்பது என்பவற்றைப் பாட்டியே முடிவு செய்து தெரிவிக்கலாம். டிக்கெட் அதன் பிறகு எடுக்கப்படும்.