பொருளுக்குச் சேதமில்லை

கரும்பலகைத் திட்டம் 1987இல் வந்தது. தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கற்பிக்கக் கருவிகள் என்று டெல்லியில் முடிவு செய்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த ஊரில் இரண்டாவது அறைக்கு முன்பே கருவிகள் வந்துவிட்டன. உலக உருண்டை, வரைபடங்கள், காந்தம், பூதக்கண்ணாடி எல்லாம் பீரோவுக்குள் சுகமாக இருந்தன. சாவி தலைமையாசிரியரின் அரைஞாண் கயிற்றில்.

"உருண்டை வேணும்னா முந்தின நாளே சொல்லிடணும் தம்பி. உடைஞ்சா யாரு கட்டுறது?"

பிள்ளைகளுக்கென்று வந்த பொருளைப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றுவதே ஆசிரியப் பணியின் முதல் கடமை என்று அன்று தெரிந்துகொண்டேன். உருண்டை வகுப்புக்கு வந்தபோதும் பாலித்தீன் உறையைப் பிரிக்க அனுமதியில்லை. உறைக்குள்ளேயே பூமி சுழன்றது. ஈரம் புகுந்து பசிபிக் பெருங்கடலில் பூஞ்சை படர்ந்திருந்ததால், அந்த ஊர்ப் பிள்ளைகள் மட்டும் ஒரு கண்டம் கூடுதலாகப் படித்தார்கள்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டாக் ரிஜிஸ்டரில் உள்ள ஒரு காந்தம் காணாமல் போனால் ஓய்வு பெறும் நாளில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பாடம் புரியாமல் போனால் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது.

பிறகு உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் அறை இருந்தது. திரைச்சீலை, வாசலில் செருப்பு விட ஓர் இடம், மானிட்டர்களுக்குத் துணி உறை. தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று சாமி சந்நிதிக்கு உள்ள மரியாதையோடு நடத்தினோம். பிள்ளைகள் ஜன்னல் வழியாகத் தரிசனம் செய்தார்கள்.

2018இல் புதிய பாடநூல்கள் வந்தன. பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளைக் கட்டமாக கியூஆர் கோடு. முந்தின ஆண்டு வந்திருந்த தீக்ஷா செயலியைப் போனில் ஏற்றி, கட்டத்தின் மேல் காட்டினால் வீடியோ ஓடும். அருமையான ஏற்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் பள்ளிக்குள் மாணவர் போன் கொண்டுவரக் கூடாது. பையில் இருந்தால் பறிமுதல். போனைக் காட்டு என்று சொல்லும் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு, போனைப் பிடுங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினோம். ஆகவே என் போன், என் டேட்டா. உள்ளங்கை அகலத் திரையைச் சுற்றி வகுப்பே குவிந்து நிற்கும். முன்வரிசைக்குப் படம், பின்வரிசைக்குச் சத்தம், அதற்கும் பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நிற்பவனின் சட்டைக் காலர்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. "பையனிடம் போன் கொடுத்து அனுப்ப மாட்டேன்" என்று எழுதி வாங்கிய அதே அப்பாவை அழைத்து, "பையனுக்கு ஏன் இன்னும் போன் வாங்கித் தரவில்லை?" என்று கேட்டோம். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் மனிதர். இரண்டு கேள்விக்கும் ஒரே மாதிரிதான் தலையாட்டினார். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்ததால் அப்படிப்பட்ட வீடுகளில் பாடம் அடியோடு நிற்கவில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. தமிழ்நாட்டில் 6,000க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்திருக்கிறது. இணையம், ஹெட்போன், பெரிய திரை எல்லாம் உண்டு. பீரோச் சாவி மட்டும் பாஸ்வேர்டாக மறுபிறவி எடுத்திருக்கிறது. சில தளங்களுக்கு ஓடிபி வேறு வேண்டும். அது எச்எம் போனுக்கு வரும். எச்எம் மீட்டிங்கில் இருப்பார். மீட்டிங்கில் போனை சைலன்டில் வைப்பது ஒழுங்கு.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், எந்த ஓடிபியும் கேட்காத ஒரு தளம் கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்'. சில பாடங்கள் தமிழிலும் உண்டு. மின்சுற்றுப் பாடத்துக்கு அதைத் திறந்தேன். பேட்டரி, பல்பு, ஒயர் மூன்றையும் மவுஸால் இழுத்து இணைத்தால் பல்பு எரியும். எலக்ட்ரான்கள் ஒயருக்குள் ஊர்வது கண்ணுக்குத் தெரியும். எங்கள் பழைய ஆய்வகத்தில் பல்பு எரியாவிட்டால், "எரிந்ததாக எழுதிக்கொள்" என்போம்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பல்பை எடுத்துவிட்டு ஒயரை நேராகப் பேட்டரியின் இரு முனைகளிலும் கொடுத்தாள். திரையில் பேட்டரி தீப்பிடித்தது. குறுக்குச் சுற்று என்றால் என்ன என்று நான் ஆண்டுதோறும் போர்டில் எழுதிப் போட்டதெல்லாம் அந்த நொடியில் வகுப்புக்கு விளங்கிவிட்டது. எல்லோரும் அவரவர் பேட்டரியைக் கொளுத்தத் தொடங்கினார்கள். கூச்சல் கேட்டு எச்எம் ஓடிவந்தார். வரிசையாகத் திரைகள் எரிவதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"சார், என்ன சார் இது! பேட்டரி எந்த ஸ்டாக்குல இருக்கு?"

"நம்ம ஸ்டாக் இல்ல சார். கொலராடோ பல்கலைக்கழகத்துது."

எரிவதை இன்னொரு முறை பார்த்தார்.

"அப்ப சரி," என்றார். "செருப்பை வெளிய விட்டுட்டாங்கல்ல?"