அமாவாசையன்று காக்கை வராமை: ஒரு முன்னாய்வு

மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் வாழையிலைத் துண்டை விரித்து, சாதம், பருப்பு, நெய், ஒரு வடை வைத்து, ‘கா, கா’ என்று குரல் கொடுத்த நொடியிலிருந்து காக்கை வந்து வாய்வைக்கும்வரை உள்ள இடைவெளியே இங்கே ஆய்வுப்பொருள். சாதாரண நாளில் அது இலையை விட்டுக் கையை எடுக்கும் நேரம்தான். தை, ஆடி, மகாளய அமாவாசைகளிலோ, காக்கை தொடாமல் யாரும் இலையில் உட்காரக் கூடாது என்ற விதியால், வீட்டிலுள்ள சர்க்கரை நோயாளிக்குக் கை நடுங்கத் தொடங்கும்வரை அது நீள்கிறது.

இத்துறையின் மூலநூல் குறுந்தொகையின் 210ஆம் பாட்டு. விருந்து வரப்போவதைக் கரைந்து சொன்ன காக்கைக்கு, நள்ளியின் காட்டு இடையர் நெய்யையும் தொண்டியில் விளைந்த நெல்லின் சோற்றையும் ஏழு கலத்தில் ஏந்தினாலும் போதாது என்கிறாள் தோழி. பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. நெய் எங்கிருந்து, நெல் எங்கிருந்து, கலம் எத்தனை என்றெல்லாம் குறித்தவர், உண்ணப்போவது சுமார் 300 கிராம் எடையுள்ள பறவை என்பதை மட்டும் கணக்கில் கொள்ளவில்லை. அமாவாசைச் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு தெருவின் எல்லா மாடிகளிலும் ஒரே நேரத்தில் இலை விழுந்தால் கழுத்துச் சாம்பல் நிறமுள்ள வீட்டுக் காக்கை என்ன செய்யும்? வடையை மட்டும் எடுக்கும். அதையும் அங்கே தின்னாது. தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே செருகி, மேலே ஒரு சருகை இழுத்து மூடிவிட்டு அடுத்த மாடிக்குப் போகும். மிஞ்சிய உணவை ஒளித்துவைப்பது காக்கைக் குலத்தின் வழக்கம். சோற்றுக்கு அன்று மதிப்பே இல்லை.

இந்த எளிய விளக்கத்தை எந்த வீடும் ஏற்பதில்லை. நடைமுறையில் இருப்பது மனத்தாங்கல் கொள்கை. “அப்பாவுக்கு என்னமோ குறை. வெத்தலை வைக்கலையே” என்பார் அத்தை. வெற்றிலை வரும். பிறகு ஒரு கரண்டி பாயசம். பிறகு யாரோ நினைவு வந்து மூக்குப்பொடி டப்பாவைத் தேடுவார்கள். அதற்குள் காக்கை வந்துவிடும். கடைசியாக வைத்த பொருளே காரணம் என்று தீர்ப்பாகும். எதையும் கூடுதலாக வைக்காமல் சும்மா காத்திருக்கும் ஒப்பீட்டு வீடு ஒன்று இருந்தால் உண்மை தெரிந்துவிடும். அப்படியொரு வீட்டைத் தமிழ்நாட்டில் தேடுவது வீண்.

மனத்தாங்கல் கொள்கையில் ஓரளவு அறிவியலும் உண்டு. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006இல் குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு காக்கைகளைப் பிடித்து, வளையமிட்டு விட்டார்கள். ஆண்டுகள் கழிந்தும் அந்த முகமூடியைக் கண்டால் காக்கைகள் கத்தித் தீர்த்தன. வற்றல் காயப்போட்ட நாளெல்லாம் கோலெடுத்து விரட்டியவரே அமாவாசையன்று குரலைக் குழைத்துக் கூப்பிட்டால், அது தாத்தாவாகவே இருந்தாலும் யோசிக்கத்தான் செய்யும்.

ஆகவே பராமரிப்பு அன்றாட வேலை. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே ஆள். உப்பும் எண்ணெயும் கூடாது. வெறும் சோறு ஒரு பிடி போதும். வைத்ததை மாலைக்குள் எடுத்துவிட வேண்டும். இரவுப் பந்தி எலிகளுக்கு. தண்ணீருக்கு அகல வாய் மண்சட்டி. தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவாவிட்டால் வளர்வது கொசு. இலைமேல் ஒரு கூழாங்கல் அவசியம். இல்லையென்றால் காற்றடித்து நெய்ச்சோறு கீழ்வீட்டுக் கொடியில் காயும் வேட்டியில் படிந்து, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தனித் தீர்மானமாகும்.

ஆடியில் இன்னொரு நுட்பம் உண்டு. குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இட்டுவிடுவதால், அந்தப் பருவத்தில் காக்கை கவ்விப் போகும் கவளம் சிலசமயம் குயில் குஞ்சின் வாய்க்கே போகிறது. முன்னோருக்கு வைத்தது அன்னியரின் குழந்தைக்குப் போனால் பலன் யாருக்கு என்பதைப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

காக்கைக்கு முன்பே புறா வந்து தின்றுவிட்டால்? பசி முற்றிய பகல் இரண்டு மணிவாக்கில் ஒரு பாட்டி தீர்ப்பு வழங்கக் கேட்டிருக்கிறேன்: “றெக்கை இருக்கில்ல? போதும். வந்து உக்காருங்க, ரசம் ஆறுது.”