புலம்புகிறவர் ஒருவர் தேவை

குளிர்கால மலையேற்றத்துக்கு ஆள் சேர்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே ரகத்தைத்தான் தேடுகிறார்கள். எதற்கும் முகம் சுளிக்காதவர், வேகாத ராஜ்மாவையும் பாராட்டிச் சாப்பிடுகிறவர், என்ன கேட்டாலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறவர். நடத்துகிற நிறுவனங்களோ ஐந்து கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடுவீர்கள், உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று விசாரிக்கின்றன. குறை சொல்லத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும் என்பது என் கட்சி. உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிற கேதார்காந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 12,500 அடி. ஏறத்தாழ 6,400 அடியில் இருக்கும் சாங்க்ரி கிராமத்தில் புறப்பட்டு, ஜூடா கா தாலாப் என்ற குளத்தருகே ஓர் இரவு, இன்னும் மேலே ஏறி முகாமில் ஓர் இரவு, பிறகு பின்னிரவில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு உச்சிக்கு. பனியில் முதல்முறை நடப்பவர்களுக்கு ஏற்ற மலை என்று பெயர் வாங்கிவிட்டதால், டிசம்பர் பிறந்தால் வாடகை ஷூவும் குரங்குக் குல்லாவுமாகக் கூட்டம் அங்கே குவிகிறது. அந்தக் கூட்டத்தில் ‘தலை வலிக்குது, விரல் மரத்துப்போச்சு, இந்த டென்ட்ல மனுஷன் தூங்குவானா’ என்று ஓயாமல் புலம்புகிற ஒருவரும் இருப்பார். மற்றவர்கள் அவரை மனதுக்குள் சபிக்கிறார்கள். அவரைக் கட்டணச் சலுகை கொடுத்தாவது அழைத்துப்போக வேண்டும் என்கிறேன் நான்.

காரணத்தை நம் உடம்பிடமே கேட்கலாம். பனியில் அதுதான் முதல் புலம்பல்காரன். குளிர் ஏற ஏற உடம்பு நடுங்குகிறது, பல் தந்தியடிக்கிறது. நமக்கு அது அவமானமாக இருக்கிறது, அடக்கப் பார்க்கிறோம். ஆனால் உள்வெப்பம் 32 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறங்கிவிட்டால் அந்த நடுக்கம் தானாகவே தணிந்து நின்றுபோகும். பக்கத்தில் இருப்பவர், ‘பரவாயில்லை, குளிர் பழகிவிட்டது போல’ என்று நிம்மதி அடையும் நேரமும் பயப்பட வேண்டிய நேரமும் ஒன்றேதான். இன்னும் முற்றினால் சிலர் உடம்பு எரிகிறது என்று சட்டையைக் கழற்றிவிடுவதும் உண்டு. பனிக்கடி இன்னும் அடக்கமானது. முதலில் விரல் வலிக்கும், குத்தும், எரியும்; அப்புறம் வலி அடங்கிவிடும். வலி அடங்குவதுதான் நோய் முற்றுவதன் அடையாளம். மூக்கு நுனியில் காசளவுக்கு வெளுப்பு படர்ந்தால் அதை அந்த மூக்கின் சொந்தக்காரர் பார்க்கவே முடியாது. எதிரில் நிற்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆக, பனிமலையில் சத்தம் ஆரோக்கியம், மௌனம் ஆபத்து. நம் பண்பாடு இதை நேர்த்தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

மருத்துவர்களும் இந்த விஷயத்தில் என் பக்கம்தான். உயர நோயைக் கண்டுபிடிக்க உலகமெங்கும் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கனடாவில் லேக் லூயிஸ் என்ற ஊரில் கூடி உருவாக்கியதால் ஊர்ப்பெயரே அதற்கும் வாய்த்தது. ரத்தம் எடுப்பதில்லை, படம் பிடிப்பதில்லை. தலைவலி, குமட்டல், சோர்வு, தலைசுற்றல் என்று நான்கு குறைகளுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை நீங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். தலைவலி கட்டாயப் பாடம். அதோடு மொத்தம் மூன்று வந்துவிட்டால் தேறிவிட்டீர்கள், அதற்குமேல் ஏறக் கூடாது. அதாவது அறிவியல் அங்கே செய்திருப்பது, புலம்பலுக்கு ஒரு வினாத்தாள் தயாரித்ததுதான். முன்பெல்லாம் ‘தூக்கம் வரவில்லை’ என்ற ஐந்தாவது குறையும் அதில் இருந்தது. 2018-இல் திருத்தியபோது நீக்கிவிட்டார்கள். அந்த உயரத்தில் நோய் இல்லாதவனுக்கும் தூக்கம் ஒழுங்காக வராது என்பதால் அந்தப் புலம்பலுக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. வீரர்கள் இந்தத் தாளில் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு மேலே போகிறார்கள். பூஜ்யம் வாங்கிப் பெருமைப்படுகிற பரீட்சை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இரவு வந்தால் புலம்பல்காரரின் அருமை இரட்டிப்பாகிறது. குளிரில் கைகால்களின் ரத்த நாளங்கள் சுருங்கி, ரத்தம் உள்ளே திரும்பிவிடுகிறது. உடம்பு அதைத் தண்ணீர் மிகுந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு சிறுநீராக வெளியேற்றப் பார்க்கிறது. உயரமும் அதையே செய்கிறது. உயர நோய்க்கு முன்னெச்சரிக்கையாகப் பலர் விழுங்கும் மாத்திரையும் சிறுநீரைப் பெருக்குவதுதான். மூன்றும் சேர்ந்து நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு மனிதனை எழுப்பினால் அவன் கதியை யோசித்துப் பாருங்கள். ஸ்லீப்பிங் பேக் ஜிப், உள் டென்ட் ஜிப், கல்லாய் இறுகிக் கிடக்கிற ஷூ, வெளி டென்ட் ஜிப், வெளியே சுழியத்துக்குக் கீழே பத்து டிகிரி. பண்பாளர் என்ன செய்கிறார்? யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று விடியும்வரை அடக்கிக்கொள்கிறார். மறுநாள் இந்த வம்பே வேண்டாம் என்று சாயங்காலத்திலிருந்து தண்ணீரைத் தொடுவதில்லை. காலையில் தலை வலிக்கிறது. உயரத்தால் வலிக்கிறதா, தண்ணீர் குடிக்காததால் வலிக்கிறதா என்று அவருக்கும் தெரியாது, கைடுக்கும் தெரியாது. புலம்பல்காரரோ டென்டையே எழுப்பி, டார்ச் பிடிக்க ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், திரும்பி வந்ததும் குளிரைத் திட்டியபடி அரை பாட்டில் வெந்நீர் குடித்துவிட்டுத் தூங்குகிறார். அந்தச் சாக்கில் டென்டில் மற்ற இருவரும் எழுந்து போய்வருகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரரின் குறட்டை திடீரென்று நின்று, பத்துப் பதினைந்து நொடி மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு பெரிதாக இழுத்துக்கொண்டு தொடங்குவதைக் காலையில் சொல்கிறவரும் இவர்தான். உயரத்தில் அது சகஜம், பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனாலும் யாராவது கேட்டுக்கொண்டிருப்பது நல்லது.

கைடு இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்பார்கள். கைடாக வருகிற சாங்க்ரிப் பக்கத்து இளைஞர்கள் மலையை வீட்டுக் கொல்லைபோல அறிந்தவர்கள்தான். ஆனால் கைடின் பின்னால் வருகிற இருபது பேரும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, வாய்க்குத் துணி, தலைக்குக் குல்லா என்று மூடியிருக்கும்போது அவர் எந்த முகத்தைப் பார்ப்பார்? ‘சப் டீக்?’ (எல்லாம் சரிதானே?) என்கிறார். ‘டீக்!’ என்று கோரஸ் வருகிறது. கோரஸில் யாருக்கும் தலை வலித்ததாகச் சரித்திரம் இல்லை. விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர் இருக்கிறதே என்று அடுத்த கேள்வி. விரல் சில்லிட்டிருந்தால் அது தாறுமாறாகக் காட்டும். கையுறையைக் கழற்றித் தேய்த்துச் சூடேற்றி மறுபடி மாட்ட வேண்டும். புலம்பல்காரருக்கு பேட்டரி தேவையில்லை. குளிரில் அவர் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதும் இல்லை.

கனமான ஆட்சேபம் வேறு. ஒருவர் புலம்பினால் பத்துப் பேரின் உற்சாகம் கெடும். தினமும் ‘புலி வருது’ என்றால் நிஜப் புலி வரும்போது யார் கேட்பார்? நியாயமான பேச்சுதான், பாதி அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்யாண வீட்டுப் பெரியப்பா எந்தப் பந்தியிலும் ரசத்தில் உப்பில்லை என்பார். அவர் பேசாமல் சாப்பிட்டு எழுந்துபோனால்தான் சமையல்கட்டில் கலவரம் உண்டாகும். இங்கும் கவனிக்க வேண்டியது புலம்பலை அல்ல, அதில் ஏற்படுகிற மாற்றத்தை. சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருந்தவர் சாப்பாடே வேண்டாம் என்கிறாரா, சரளமாகத் திட்டியவருக்கு வார்த்தை குழறுகிறதா, திடீரென்று சமர்த்தாகிவிட்டாரா? உடனே கைடைக் கூப்பிடுங்கள். முதல் நாளிலிருந்தே மௌனமாக வருகிறவரிடம் இப்படி ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே கிடையாது. உற்சாகத்தைப் பற்றிச் சொல்வதானால், ஒருவரைப் பற்றி மற்ற ஒன்பது பேரும் கிசுகிசுப்பதைப்போல ஒரு குழுவை ஒற்றுமைப்படுத்துவது வேறில்லை.

கேதார்காந்தா உச்சியிலிருந்து ஸ்வர்காரோஹிணி தெரியும். பாண்டவர்கள் அதன் வழியாகத்தான் சொர்க்கத்துக்குப் போனார்கள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. துணையோடு போகிற பலநாள் இமய நடைக்கு நம்மிடம் இருக்கிற மிகப் பழைய அறிக்கைகளில் ஒன்று பாரதத்தின் மகாபிரஸ்தானிக பர்வம். அதைக் குழு நிர்வாகம் என்ற கோணத்தில் படித்தால் பதறுகிறது. திரௌபதி விழுகிறாள், சகதேவன் விழுகிறான், நகுலன், அர்ஜுனன். விழுவதற்கு முன் ஒருவராவது கால் வலிக்கிறது என்று சொன்னதாகத் தெரியவில்லை. முன்னால் போகிற தருமர் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. ஒவ்வொருவர் விழும்போதும் ஏன் என்று கேட்பவன் பீமன் மட்டும்தான். தருமர் முதலுதவிக்குப் பதிலாக நடத்தைச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டே போகிறார். இவளுக்குப் பாரபட்சம், இவனுக்கு அறிவுச் செருக்கு, அவனுக்கு அழகுச் செருக்கு. வாய் திறந்து கேட்ட பீமன்தான் தம்பிகளில் கடைசிவரை தாக்குப்பிடித்தவன். அவன் விழுந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அதிகமாகச் சாப்பிட்டான் என்பது. பனியில் நடப்பவனுக்குச் சாப்பாடுதான் விறகு என்று தெரிந்த எந்த கைடும் அதைக் குற்றமாக எழுதியிருக்க மாட்டார்.

புராணம் சாட்சியாகாது என்பவர்களுக்கு ஸ்காட்டின் தென்துருவப் பயணம் இருக்கிறது. துருவம் இருப்பதும் 9,000 அடிக்கு மேற்பட்ட பனி மேட்டில்தான். 1911 டிசம்பர் கடைசி நாள் சறுக்குவண்டியைச் சீர்செய்கையில் ஸ்காட்டின் குழுவில் இருந்த எட்கர் எவன்ஸ் கையைக் கிழித்துக்கொண்டார், சொல்லவில்லை. சொன்னால் துருவத்துக்கு அழைத்துப்போக மாட்டார்களோ என்ற பயம்தான் காரணம் என்று கருதப்படுகிறது. துருவத்துக்குப் போகிற ஐவரில் ஒருவராகத் தேர்வானார். அதன் பிறகுதான் காயம் ஸ்காட்டுக்குத் தெரியவந்தது. அது கடைசிவரை ஆறவில்லை. திரும்பும் வழியில் 1912 பிப்ரவரி 17-இல் முதலில் இறந்தவர் எவன்ஸ். குழுவிலேயே உடல்வலு மிக்கவர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

வரிசையில் புலம்பல்காரரை எங்கே நிறுத்துவது என்பதில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். கைடுக்கு நேர் பின்னால், அவர் காதுக்கு எட்டுகிற தூரத்தில் விட வேண்டும். கட்டைவிரல் வீரர்கள் பின்னால் வந்துகொள்ளட்டும். ஒரு குழுவுக்கு ஒருவர் போதும். இருவர் இருந்தால் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு சந்தோஷமாகிவிடுவார்கள், அப்புறம் நமக்கு ஒரு தகவலும் கிடைக்காது. சாங்க்ரிக்கு இறங்கி வந்தபிறகு அறையில் கீசர் வேலை செய்யவில்லை என்று அவர் மறுபடி தொடங்குவார். 6,400 அடியில் அதற்கு மருத்துவ முக்கியத்துவம் எதுவும் கிடையாது. காதைப் பொத்திக்கொள்ளலாம்.