பாதாளக்கரண்டி

ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தை நியூயோர்க்காரர் சில நாளில் தூக்கிவிட்டார்கள். எங்கள் இரணைதீவுக் கடலில் கிடந்ததற்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம்?
– வாசகர், அரியாலை

கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டு எடுக்கலாம். கிணற்றடிக்கே போக முடியாவிட்டால்? 2009 ஜனவரியில் அந்த எயார்பஸ் உடையாமல் மிதந்தது, 155 பேரும் பிழைத்தார்கள். கரையோரம் கட்டிவைத்து, உள்ளே நிறைந்த நீர் வடிய வடிய, பாரத்தில் முறியாதபடி கிரேனால் மெல்லத் தூக்கினார்கள். 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து ரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ் இறங்கவில்லை, விழுத்தப்பட்டது. 55 பேரில் ஒருவரும் மீளவில்லை. விழுந்ததோ போர்க்கடலில். போர் முடிந்து, 2012 ஒக்ரோபரில்தான் கடற்படைச் சுழியோடிகள் சிதைவுகளைக் கண்டார்கள். மறுவருஷம் மேலே எடுத்தார்கள்.

உயிர்கள் போனபின் தகரத்தை எடுத்து என்ன பயன் என்பார்கள். வந்தது தகரம் மட்டுமல்லவே. 2014 ஜனவரியில், கடலடியில் கிடந்த உடுப்புகளை யாழ்ப்பாணத்தில் பரப்பிவைத்து, அடையாளம் காட்ட உறவுகளை அழைத்தார்கள். பதினைந்து வருஷம் உப்பில் ஊறிய சட்டையென்றாலும், அதை உடுத்தி அனுப்பிய வீட்டுக்குத் தெரியும்.